எத்தனை நாள் தருவாங்க?

எங்கள் கந்தோருக்கு வருகிறவர்கள் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்பார்கள். எவ்வளவு முடியும், எப்போது முடியும். மன்னார்ப் பட்டினத்தில் ஒரு சட்டத்தரணியின் முன்மேசையில் உட்கார்ந்து இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டவர் ஒருவர்தான். அவரைச் சிலாவத்துறை உம்மா என்றுதான் கந்தோரில் சொல்வோம். பெயர் எனக்குத் தெரியும். எத்தனையோ பத்திரங்களில் என் கையாலேயே ரைப் பண்ணிய பெயர். அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

முதல் தடவை அவர் வந்தது தன் காணி விசயமாக. மீள்குடியேற்றம் தொடங்கிய காலம். காணியின் பழைய உறுதிப் பத்திரம் தொலைந்துபோயிருந்தது. கிராம சேவகரின் கடிதம், பள்ளிவாசல் கடிதம், எல்லைக் காணிக்காரர்களின் சத்தியக் கடதாசி என்று ஒரு சீலைப் பை நிறையக் கொண்டுவந்திருந்தார். அவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு நாலு மாதம் அலைந்து, ஒருவழியாகப் புது உறுதி எழுதி முடித்தோம். சட்டத்தரணியான எங்கள் சேர்தான் உறுதி எழுதும் நொத்தாரிசும். அவர் பேனையை நீட்டினார். உம்மா வாங்கவில்லை.

“ஒரு விசயம் கேக்கணும் சேர். போகச் சொன்னா எத்தனை நாள் தருவாங்க?”

“ஆர் உம்மா போகச் சொல்லுறது? இது உங்கட சொந்தக் காணியெல்லோ.”

“அப்பவும் சொந்தக் காணிதான் சேர்.”

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வழக்கில் எதிர்த்தரப்பு எதைச் சொன்னாலும் அரை நிமிடத்தில் பதில் சொல்லுகிற மனுசன். உம்மா அவர் துடைத்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு பேனையை வாங்கி, தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதிவிட்டுப் போனார்.

ஆயுதம் வைத்திருந்தவர்கள் வடக்கிலிருந்த முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்ன வருடத்தில் உம்மாவின் ஊருக்குக் கிடைத்தது ஒரு நாள். அடுத்த நாள் பின்னேர அசர் தொழுகைக்கு முன் ஒருவரும் ஊரில் இருக்கக்கூடாது. வள்ளம் ஏறிக் கற்பிட்டிக்குப் போய், புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் குடியேறி, புருசனை அங்கேயே அடக்கம் செய்து, மகனை அங்கேயே படிக்கவைத்து, இருபது வருடம் கழித்துத்தான் திரும்பி வந்திருந்தார். அந்த ஒரு நாள்தான் அவருடைய அளவு. மற்றவர்கள் காணியை ஏக்கரிலும் பேர்ச்சிலும் அளப்பார்கள். அவர் எதையும் அந்த நாளை வைத்தே அளந்தார்.

நான் ஒருமுறை கையெழுத்து வாங்குவதற்காகச் சிலாவத்துறைக்குப் போயிருந்தேன். இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வீடு. சுத்தமென்றால் அப்படிச் சுத்தம், ஆனால் வீடு காலியாகக் கிடந்தது. ஒரு ட்ரங்குப் பெட்டி, இரண்டு பிளாஸ்ரிக் கதிரை, சுருட்டி வைத்த பாய். லண்டனில் மகன் நல்ல வேலையில் இருக்கிறான் என்று ஊரெல்லாம் தெரியும். நான் சுற்றிப் பார்த்ததை அவர் கண்டுவிட்டார்.

“தேக்கில அலுமாரி வாங்கச் சொல்லி மகன் காசு அனுப்பினவன். நான் வேணாமெண்டுட்டன். அதைத் தூக்க நாலு ஆம்பிளை வேணும். அந்த நேரம் நாலு ஆம்பிளையை எங்க தேடுறது?”

“எந்த நேரம் உம்மா?”

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். மேல்பல் இரண்டு இல்லாத சிரிப்பு. பிறகு என் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று விசாரித்தார். நானும் ஏதோ பெருமையாகச் சொன்னேன். ஷோகேஸ், ஃப்ரிட்ஜ், தையல் மெசின், இரட்டைக் கட்டில், சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு மாதா சுரூபம். விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்.

“உனக்கு ரெண்டரை நாள் வேணும் மகள். சுரூபத்தை முதல்ல எடுத்திடு. பிறகு நினைச்சு நினைச்சு அழுவாய்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, ஒரு நாளுக்குள் எதைச் செய்யலாம், எதைச் செய்ய ஏலாது என்று சமையல் சொல்லித் தருகிறவர்போலச் சொன்னார். சோறாக்கலாம். கோழிகளைத் திறந்து விடலாம். கிணற்றுக்குப் பலகை போடலாம். அடுத்த வீட்டுக் கிழவனைத் தூக்கி வள்ளத்தில் ஏற்றலாம். உறுதியை எங்கே வைத்தேன் என்று மட்டும் தேட முடியாது, ஏனென்றால் அந்த நேரம் கை தன் பேச்சைக் கேட்காது. இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“நீங்க அப்ப எங்க இருந்தீங்க?” என்று கேட்டார்.

“மன்னாரில, எங்கட வீட்டிலதான்.”

“ஓம். வீட்டிலதான் இருந்திருப்பீங்க.”

அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வீட்டைத் தாண்டித்தான் வள்ளம் ஏறும் துறைக்குப் போக வேண்டும். சனம் மூட்டையும் பிள்ளையுமாக நடந்து போனது. அப்பா யன்னலைச் சாத்திவிட்டு, “பாக்காத” என்றார். நான் யன்னல் நீக்கலால் பார்த்தேன். நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தார்கள். அன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டிலிருந்தும் ஒருவரும் வெளியே வரவில்லை. பயம்தான், வேறென்ன. ஆனால் பயம் போன பிறகும் அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சொல் பேசியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

உம்மாவின் கேள்வியை எல்லோரும் பகிடியாகத்தான் எடுத்தார்கள். தன் ஊர்ப் பொடியன் ஒருவன் பட்டினத்தில் கடை வாடகைக்கு எடுக்க வந்தபோது துணைக்கு வந்தார். வாடகை, முற்பணம் எல்லாம் பேசி முடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிற நேரத்தில், “போகச் சொன்னா எத்தனை நாள்?” என்றார். கடைச் சொந்தக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. கலியாண வீட்டில் சாவைப் பற்றிப் பேசுவதா என்றார். உம்மா விடவில்லை. மூன்று மாதம் என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் எழும்பினார். இரண்டு வருடத்தில் அந்தச் சொந்தக்காரர் இடத்தை வேறொருவருக்கு விற்றார். அந்த மூன்று மாதம் இல்லாவிட்டால் பொடியன் சாமான்களோடு தெருவில் நின்றிருப்பான். அதற்குப் பிறகு நாங்கள் கொஞ்சம் குறைத்துத்தான் சிரித்தோம்.

அவருக்கென்று ஒரு ஆசை இருந்தது. ஒன்றே ஒன்றுதான், அதை ஒளித்து வைத்ததும் இல்லை. சிலாவத்துறை மையவாடியில், தன் தாய் தகப்பன் கிடக்கிற மண்ணில், தானும் அடங்க வேண்டும். “புத்தளத்தில இருபது வருசம் இருந்திட்டன். நல்ல சனம், குறை சொல்ல மாட்டன். ஆனா அங்க மவுத்தாக மாட்டன்” என்பார். மன்னாருக்கு டொக்டரிடம் வருத்தம் காட்ட வந்தால்கூடப் பொழுது சாய முதல் பஸ் பிடித்துவிடுவார். ஒருவேளை இரவில் ஏதும் நடந்துவிட்டால் என்ற பயம்.

பிறகுதான் அவர் ஒரு விடியற்காலை கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தார். இரண்டு மணித்தியாலம் கழித்து மீன்காரர் கண்டு தூக்கியிருக்கிறார். லண்டனிலிருந்து மகன் எங்களுக்குப் போன் எடுத்து அழுதான். உம்மாவைத் தன்னிடம் கூப்பிட மூன்று தடவை விண்ணப்பித்தும் விசா கிடைக்கவில்லை. உறவென்று மிஞ்சியிருந்தது புத்தளத்திலேயே தங்கிவிட்ட தங்கையின் மகள் மட்டும்தான். அங்கே போக மாட்டேன் என்கிறார். அப்படி மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மகன் அந்த விளம்பரத்தைக் கண்டான்.

கொண்டச்சிப் பக்கம், கடலைப் பார்த்தபடி, ஒரு நிறுவனம் முதியோர் குடியிருப்பு ஒன்று கட்டியிருந்தது. ஆளுக்கொரு சின்ன வீடு, மூன்று நேரச் சாப்பாடு, தாதி ஒருவர், தொழுகைக்கும் செபத்துக்கும் தனித்தனி அறை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற தாய் தகப்பனுக்கென்றே செய்தது. வழவழப்பான விளம்பரப் புத்தகத்தில் ஒரு கிழவனும் கிழவியும் கைகோர்த்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் இல்லை என்பது பார்த்தவுடனே தெரியும். உம்மாவுக்கு அதொன்றும் பிடிக்கவில்லை. ஆனால் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

“இதில இருந்து எங்கட மையவாடிக்கு எவ்வளவு தூரம்?”

“பக்கம்தான் உம்மா. ஓட்டோவில கொஞ்ச நேரம்.”

அத்தோடு சம்மதித்துவிட்டார்.

இனி நடந்ததில் என் பங்கைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்கு வைப்புப் பணம் கட்ட வேண்டும். அதற்கு உம்மாவின் வீடு வளவை விற்றாக வேண்டும். வாங்க ஆள் தயாராக இருந்தது. ஒரு திங்கட்கிழமை விற்பனை உறுதி எங்கள் கந்தோரிலேயே முடிந்தது. நான்தான் ரைப் பண்ணினேன். அடுத்த திங்கட்கிழமைதான் குடியிருப்பு ஒப்பந்தம் கைக்கு வந்தது. இருபத்திரண்டு பக்கம், அவ்வளவும் ஆங்கிலம். இந்த வரிசை பிழை. முதலில் ஒப்பந்தத்தை வாங்கி ஆறுதலாக வாசித்து, அதற்குப் பிறகுதான் வீட்டில் கை வைத்திருக்க வேண்டும். கந்தோரில் இத்தனை வருடம் இருக்கிற எனக்கு அது தெரியாததில்லை. மகன் அவசரப்பட்டான், சேர் வழக்குகளுக்காகக் கோட்டுக்கும் கந்தோருக்குமாக ஓடிக்கொண்டிருந்தார், அவர்கள் சொன்னதை நான் செய்தேன்.

எந்த உறுதியின் கடைசியிலும் ஒரு வரி இருக்கும். கையெழுத்து வைப்பவருக்கு இது வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது என்று. பல கந்தோர்களில் அந்த வரியை ரைப் பண்ணுவதோடு விளக்கம் முடிந்துவிடும். எங்கள் சேர் அப்படி விடமாட்டார். வாசித்துக் காட்டுகிற வேலையை என்னிடம் தந்திருந்தார். குடியிருப்பு ஒப்பந்தத்தை வாசித்த அன்றும் அவர் கோட்டில் இருந்தார். மேசையில் என் போனில் மகன் லைனில் காத்திருந்தான். உம்மா கதிரையின் விளிம்பில் இருந்தார். நான் ஒவ்வொரு பக்கமாக ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

மாதச் செலவு எவ்வளவு, அது வருடா வருடம் கூடலாம், கூட்டும்போது கேட்கத் தேவையில்லை என்று இருந்தது. தலையாட்டினார். சாப்பாடு, தாதி, விருந்தாளிகள் தங்கும் நாட்கள். தலையாட்டினார். தானாக விலகிப் போனால் வைப்புப் பணம் வேறொருவர் அந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் திரும்பும், நிறுவனம் போகச் சொன்னால் மூன்று மாதத்துக்குள் திரும்பும் என்று இருந்தது. அதற்கும் தலையாட்டினார். பதினேழாம் பக்கத்தில் அந்தப் பகுதி வந்தது. வதிவாளர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடியாத நிலைக்கு வந்துவிட்டார் என்று நிறுவனத்தின் வைத்தியர் தீர்மானித்தால், பதினான்கு நாள் அறிவித்தல் கொடுத்து வீட்டை ஒப்படைக்கச் சொல்லலாம்.

வயது போனவர்களுக்கென்று கட்டிய இடம், வயது போய்விட்டது, வெளியே போ என்கிறது. தீர்மானிக்கிறது அவர்களுடைய டொக்டர். அதற்கு மேல் கேட்க ஒருவரும் இல்லை. எங்கே போவது என்று எழுதவும் இல்லை. நான் அதைத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லையும் விடவில்லை, அது சத்தியம்.

“எத்தனை நாள்?”

“பதினாலு நாள் உம்மா.”

“பதினாலோ? எழுத்திலயோ கிடக்கு?”

“எழுத்திலதான்.”

அவர் முகம் மலர்ந்தது. நான் அவரை அறிந்த அத்தனை வருடத்திலும், அவருடைய கேள்விக்கு ஒருவர் கேட்காமலே பதில் எழுதி வைத்திருந்தது அதுதான் முதல் தடவை. விரலை மடித்தார். “ஒரு நாளுக்குப் பதினாலு நாள். அல்ஹம்துலில்லாஹ். நல்ல மனுசர் போல. அவசரமில்லாமக் கட்டலாம், எல்லாருக்கும் சொல்லிப்போட்டுப் போகலாம்” என்றார். போனில் மகன், “என்ன உம்மா, சந்தோசமோ?” என்றான். “ஓம் வாப்பா, சந்தோசம்” என்றார்.

பதினாலு நாள் காணாது உம்மா, இது அநியாயம், இந்தப் பகுதியை வெட்டச் சொல்லுங்கோ என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. போன வாரம் வீட்டை விற்ற உறுதியை ரைப் பண்ணினவள் நான், இனி அவர் எங்கே திரும்பிப் போவது என்று ஒரு எண்ணம். அதைவிடப் பெரிது ஒன்று. பதினாலு நாள் குறைவு என்று அந்த மனுசிக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவருக்கு ஒரு நாள் கொடுக்கப்பட்டபோது யன்னல் நீக்கலால் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். வெட்கத்தில் வாயை மூடினேன். வெட்கப்படவேண்டியவள் பேசியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. உம்மா எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

அங்கே அவர் பதினொரு மாதம் இருந்தார். சந்தோசமாகத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் ஓட்டோ பிடித்துத் தாய் தகப்பனுக்கு ஓதிவிட்டு வருவார். பக்கத்து வீட்டில் எங்கள் கத்தோலிக்க ஆட்களில் ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர். அவரிடமும், “எத்தனை நாளெண்டு தெரியுமோ?” என்று கேட்டிருக்கிறார். மனுசன் வாசிக்காமலே கையெழுத்து வைத்தவர். பதினாலு என்று தெரிந்தபின் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

பன்னிரண்டாம் மாதம் உம்மா குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு. மன்னார் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்து, வீல் செயாரில்தான் திரும்பினார். திரும்பிய அன்றே வீட்டை ஒப்படைக்கச் சொல்லும் கடிதம் கையில் கொடுக்கப்பட்டது. எனக்குப் போன் எடுத்தார்.

“மகள், ஒரு சந்தேகம். கடிதம் தந்த நாளும் கணக்கோ, இல்லாட்டி அடுத்த நாளில இருந்தோ?”

சேரிடம் ஓடினேன். அவர் ஒப்பந்தத்தை வாங்கி வாசித்தார். அந்த இருபத்திரண்டு பக்கத்தையும் அவர் முழுதாக வாசித்தது அன்றுதான். வழக்குப் போடலாம், இடைக்காலத் தடைகூடக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அது வரைக்கும் அவரைக் குளிக்க வார்க்கவும் தூக்கி இருத்தவும் ஆள் வேண்டும், நிறுவனம் அதைச் செய்ய மாட்டாது என்றார். மகன் இரவு பகலாகப் போனில் நின்றான். சிலாவத்துறையில் இரண்டு மூன்று வீட்டார் தங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். உம்மா மாட்டேன் என்றார். பிறத்தியார் வீட்டில் அவருடைய கேள்வியைக் கேட்க முடியாது, கேட்காமல் அவரால் இருக்கவும் முடியாது. கடைசியில் புத்தளத்தில் தங்கையின் மகள்தான் ஒப்புக்கொண்டாள்.

இப்போது யாராவது இப்படியான கடதாசியோடு எங்கள் கந்தோருக்கு வந்தால் நான் சும்மா விடுவதில்லை. கால் இயலாமல் போனால் என்ன செய்வார்கள் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கோ என்பேன். அதைத் தீர்மானிக்கிறது யாருடைய டொக்டர், உங்களுடைய டொக்டர் மாறிச் சொன்னால் கேட்பார்களா? ஆஸ்பத்திரியில் கிடக்கிற நாளுக்கும் காசு கட்ட வேண்டுமா? வைப்புப் பணம் நீங்கள் வெளியே போக முதல் வருமா, போய் மவுத்தான பிறகு வருமா? எல்லாவற்றுக்கும் முதல், இருக்கிற வீட்டை விற்றுப்போட்டீர்களா என்று கேட்பேன். சில பிள்ளைகளுக்கு என்மேல் கோபம். இந்தக் கிளார்க் வாய்க்காரி என்று சேரிடம் சொல்லியும் இருக்கிறார்கள். சொல்லட்டும். உம்மா புத்தளத்துக்குப் போய் நாலு மாதத்தில் மவுத்தானார். சிலாவத்துறைக்குக் கொண்டுவர வசதிப்படவில்லை, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று ஊர்ப் பொடியன் வந்து சொன்னான். வைப்புப் பணம் மட்டும் மகனுக்கு ஒழுங்காகத் திரும்பி வந்தது. அது உம்மா கொண்டச்சியைவிட்டு வெளிக்கிட்ட நாளில் செய்த வேலையால்.

அந்தக் கடிதம் வந்த ஆறாம் நாள் காலை லீவு போட்டுவிட்டுக் கொண்டச்சிக்குப் போனேன். வீட்டு வாசலில் புத்தளம் வான் நின்றது. உள்ளே ட்ரங்குப் பெட்டி பூட்டியாயிற்று, பாய் சுருட்டியாயிற்று. உம்மா வீல் செயாரில் இருந்தபடி, கட்டிலில் கிடந்த கடைசிச் சேலையை மடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் எட்டு நாள் கிடக்கு உம்மா. ஏன் இப்பவே?”

“பதினாலு நாளும் இருந்தா, பதினாலாம் நாள் ஆராவது வந்து கதவடியில நிப்பாங்க மகள். அது வேணாம். அவங்கள் வர முந்திப் போயிடணும்.”

அவர் முன்னால் முழங்காலில் இருந்தேன். “அண்டைக்கு வாசிக்கேக்க, பதினாலு நாள் காணாதெண்டு நான் சொல்லியிருக்க வேணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்திட்டன்” என்றேன்.

உம்மா என் முகத்தைப் பார்த்தார். பரவாயில்லை, உன்னில் பிழையில்லை என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். மனுசர் அப்படித்தானே சொல்லுவார்கள்.

“ஓம் மகள். சொல்லியிருக்க வேணும்” என்றார். பிறகு சேலையின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். இருவருமாகப் பிடித்து மடித்தோம்.

அப்போதுதான் குடியிருப்பின் முகாமையாளர் வந்தார். இளம்பிள்ளை, மரியாதையான பேச்சு. ஒரு பக்கப் படிவம் ஒன்றைப் பலகையில் வைத்து நீட்டினார். “இதில ஒரு சைன் வச்சிட்டு நீங்க வெளிக்கிடலாம் அம்மா.” உம்மா அதை வாங்கி, பார்க்காமலே என் பக்கம் திருப்பினார்.

“வாசி.”

வாசித்தேன். வீட்டுத் திறப்புக் கொத்தைக் கொடுத்தாயிற்று, சாமான்களை எடுத்தாயிற்று, பாக்கி ஒன்றும் இல்லை. நாலாவது வரியில், என் சொந்த விருப்பத்தின்பேரில் இந்த வீட்டைவிட்டு விலகிச் செல்கிறேன் என்று இருந்தது. நான் நிறுத்தினேன்.

“உம்மா, இதுக்குக் கையெழுத்து வச்சா நீங்களாப் போனதாப் போயிடும். இன்னொரு ஆள் இஞ்ச வந்து குடியிருக்கிற வரைக்கும் உங்கட காசு வராது. வைக்காதீங்கோ.”

“அது எல்லாருக்கும் ஒரே ஃபோர்ம்தான் மிஸ், சும்மா ஒரு முறைக்கு” என்றார் முகாமையாளர்.

“தம்பி,” என்றார் உம்மா, “நானாப் போகேல்ல.”

அவர் சத்தம் போடவில்லை. ஆனால் வான்காரர் வாசலில் திரும்பிப் பார்த்தார். முகாமையாளர் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்க் கொழும்புத் தலைமைக் கந்தோரோடு பேசினார். திரும்பி வந்து, மாற்ற அனுமதி இல்லை என்றார். உம்மா அவரைப் பார்க்கவில்லை.

“வெட்டு மகள்.”

வெட்டினேன்.

“மேல எழுது. போகச் சொன்னபடியால் போறன் எண்டு எழுது. கடிதம் வந்த நாளையும் போடு.”

எழுதினேன். அவர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை அதன் கீழ் எழுதினார். சாட்சிகளுக்கு இரண்டு கோடு இருந்தது. வான்காரர் ஒன்றில் வைத்தார். மற்றதற்கு உம்மா பலகையை என்னிடம் தந்தார்.

“நான் சேரின்ர கிளார்க் உம்மா. நான் இதில சாட்சி வைக்கலாமோ தெரியாது, சேரிட்டக் கேட்டுத்தான்...”

“சேரை விடு. நீ பாத்தனி தானே?”

முகாமையாளர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். வான்காரர் பெட்டியைத் தூக்கத் தொடங்கியிருந்தார்.

“பாத்தனான் உம்மா” என்று சொல்லி, என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.